ஒரு மாட்டையாவது கறந்து கொடுத்திருக்கலாம்

பழப்புளி போட்டுத் தேய்த்த பித்தளையின் மணம் கையை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. சவர்க்காரம் போட்டுக் கழுவியும் பார்த்துவிட்டேன். என்னுடைய அர்ச்சனைத் தட்டு திரும்பி வந்துவிட்டதடி. நேற்றுப் பின்னேரம் உன் மகள் அபி அதை ஒரு துவாயில் சுற்றிக் கொண்டுவந்து என் குசினி மேசையில் வைத்தாள். உன் வீட்டில் நான் மறந்து விட்டுவந்த தட்டு. இவ்வளவு மாதமும் அதை நான் தேடவும் இல்லை, கேட்கவும் இல்லை. ஏன் கேட்கவில்லை என்பதை உனக்குத்தான் எழுத வேண்டும். நீ இருந்திருந்தால் முதல் கேள்வியிலேயே என்னைப் பிடித்திருப்பாய்.

நீ போன பிறகு உன் மகள் ஒரு கதையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உன் கடைசி வெள்ளிக்கிழமை, அவள் வேலைக்குப் போயிருந்த நேரம், நீ தனியே படுத்திருந்தபோது ஒரு தேவதூதர் உன்னிடம் வந்தாராம். அந்தக் கதைதான் அவளை எழுந்து நடக்க வைத்தது. அதை ஒரு வசனத்தில் உடைக்கக்கூடிய ஆள் நான். உடைப்பதா விடுவதா என்று சுமந்து சுமந்து, உண்மையைச் சொன்னால், எனக்கு அலுத்துப்போய்விட்டது.

முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்.

சிட்னியில், பென்டில் ஹில்லில் ஒரே அடுக்குமாடியில் நீ மேல் வீட்டிலும் நான் கீழ் வீட்டிலுமாக இருந்தோம். உன்னை அந்த மோர்மன் சபைக்குக் கொண்டுபோனது வேதமும் இல்லை, விசுவாசமும் இல்லை. உன் சலவை இயந்திரம். வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பெயர் வில்லையும் போட்ட இரண்டு பெடியன்கள் சபைக்கு ஆள் சேர்க்கக் கதவு தட்ட வந்த நேரம், நீ அந்த இயந்திரத்தோடு படிக்கட்டில் மல்லுக்கட்டிக்கொண்டு நின்றாய். அவர்கள் தோள்பைகளைக் கீழே போட்டுவிட்டு அதை மேல்வீடு வரைக்கும் தூக்கித் தந்தார்கள். நீ சோறு போட்டாய். அவர்கள் புத்தகம் தந்தார்கள். நான் வேலையால் வந்து படியேறும்போது மூன்று பேருமாக உட்கார்ந்து கத்தரிக்காய்க் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்.

பிறகு ஞானஸ்நானம், ஞாயிறு ஆராதனை எல்லாம் வந்தது. நான் உன்னை நன்றாகப் பேசினேன். கந்தசஷ்டி பிடித்த மனுசிக்கு இதென்ன விசர் என்று கேட்டேன். நீ கொஞ்சமும் அசையவில்லை. “முருகனுக்கே ரெண்டு வீடு. அவர் என்னைக் கோவிக்கமாட்டார்,” என்றாய். நான் மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போகிற வெள்ளிக்கிழமைகளில், உன் பேரிலும் ஒரு அர்ச்சனை செய்துகொண்டு வருவேன். நீ வேண்டாம் என்றும் சொல்லவில்லை, விபூதியை வாங்கவும் இல்லை. பிரசாத வாழைப்பழத்தை மட்டும் வாங்கிச் சாப்பிட்டாய்.

தேத்தண்ணியை விட்டதுதான் உனக்கு உண்மையான சிலுவை. அந்தச் சபையில் தேத்தண்ணியும் கோப்பியும் கூடாது. நீ மல்லித்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு என் கோப்பையின் ஆவியை மோந்துகொண்டிருப்பாய். குடிக்கவில்லை, மணத்தைத்தானே எடுக்கிறேன், அதற்கு ஒரு சட்டமும் இல்லை என்பாய்.

அந்தச் சபையில் இன்னொரு முறையும் உண்டு. ஊழியம் செய்ய வந்த பெடியன்களுக்கு வீடு வீடாக நாள் பிரித்துச் சாப்பாடு போட வேண்டும். உனக்குப் புதன்கிழமை. செவன் ஹில்ஸில் முதியோர் இல்லத்து வேலை உனக்கு. விடியக் காலையில் போய், உன்னைவிட இரண்டு மடங்கு பாரமான கிழவர்களைத் தூக்கிக் குளிக்க வார்த்து, முதுகைப் பிடித்துக்கொண்டு வந்து, சோறு, பருப்பு, கோழிக்கறி, சம்பல் என்று அடுக்குவாய். உறைப்பு குறைத்துச் சமைத்தாலும் அந்தப் பெடியன்கள் மூக்கால் தண்ணி வடியச் சாப்பிடுவார்கள். ஒருநாள் நீ அடுப்படியில் அகப்பையைப் பிடித்தபடி நின்று நித்திரை கொண்டதை நான் கண்டேன். போய்ப் படடி என்றேன். சாப்பிட வந்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படிப் படுப்பது என்று என்னிடம் சண்டைக்கு வந்தாய்.

என் களைப்பு வேறு மாதிரி. நான் அகதி வழக்குகளில் மொழிபெயர்க்கிறவள். எங்கள் தொழிலில், “அவர் இப்படிச் சொல்கிறார்” என்று சொல்லக்கூடாது. முன்னால் இருக்கிறவர் ‘நான்’ என்றால், நானும் ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும். கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது, முகத்தில் ஒன்றும் காட்டக்கூடாது. என்னை வான் வண்டியில் ஏற்றினார்கள், என் தம்பியை என் கண் முன்னால் இழுத்துப்போனார்கள் என்று நாள் முழுக்க ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, பின்னேரம் ரயிலேறி வருவேன். ஸ்டேஷனில் இறங்கும்போது நோகிறது யாருடைய முதுகு என்று எனக்கே விளங்காது. நேரே உன் வீட்டுக்குத்தான் ஏறுவேன்.

ஒருமுறை, விசாரணையில் அடிக்கடி வருகிற ஒரு கேள்வியை, ஆள் பெயர் சொல்லாமல் உனக்குச் சொன்னேன். “நீர் கண்டதா, ஆரும் சொல்லிக் கேட்டதா?” அதை நீ அப்படியே பிடித்துக்கொண்டாய். சாமான் கடையில் யாராவது ஊர்ப்புதினம் சொன்னாலும் உடனே அதைத்தான் கேட்பாய். எல்லாரும் பகிடி என்று நினைத்தார்கள். எனக்குத் தெரியும், அது பகிடி இல்லை.

உன் மனுசனை வவுனியாவில் பஸ்ஸால் இறக்கிக் கொண்டுபோன நாளிலிருந்து உனக்குக் கதைகள் வந்துகொண்டே இருந்தன. யாரோ ஒருவருடைய மச்சான் அவரை ஒரு முகாமில் கண்டாராம். யாரோ ஒரு லொறிச் சாரதி, தாடியோடு ஒரு சாப்பாட்டுக் கடையில் கண்டாராம். ஒரு கால் நொண்டுகிறாராம். இல்லை, நன்றாக நடக்கிறாராம். ஆரம்பத்தில் நீ ஒவ்வொன்றுக்கும் ஓடினாயாம். பிறகு, சிட்னிக்கு வந்த பிறகு, தொலைபேசியில் யார் தொடங்கினாலும் ஒரே பதில்தான். “கண்டவரைக் கூட்டிக்கொண்டு வா. அவரோட நான் கதைக்கிறன்.” ஒருவரும் கூட்டிக்கொண்டு வரவில்லை. கொஞ்சக் காலத்தில் கதையும் வராமல் விட்டது. அபி அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. தகப்பனைக் கண்டதாகச் சொல்கிற ஒவ்வொருவரையும் தாய் விரட்டுவதைப் பார்த்து அவள் உன்னோடு எவ்வளவு கோபித்திருப்பாள். ஒருநாள் கதவை அடித்துச் சாத்திவிட்டு என் வீட்டுக்கு இறங்கி வந்தாள். அம்மாவுக்கு அப்பா உயிரோடு இருப்பது விருப்பமில்லை என்றாள். நான் அவளுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

இப்படிப்பட்ட உன்னிடம் போய், உன் சபைப் பெண்கள் வகுப்புக்குத் தேவதூதரைப் பற்றிப் பாடம் எடுக்கச் சொன்னார்கள்.

சபை தொடங்கிய காலத்துப் பெண்களில் ஒருத்தியை எடுத்துப் பேச வேண்டும். நீ தெரிந்தெடுத்தது ஒரு பண்ணை வீட்டு மனுசியை. அமெரிக்காவில், நியூயோர்க் பக்கத்தில், பெரிய குடும்பக்காரி. போதாததற்கு, உங்கள் வேதம் பொறித்திருந்ததாம் என்கிற பொன் தகடுகளை மொழிபெயர்க்கிறோம் என்று வந்தவர்களும் அவள் வீட்டில்தான் தங்கினார்கள். அங்கேயும் மொழிபெயர்ப்பாளர் மேசையில்தான், சட்டி கழுவுகிறது வேறு ஆள் என்று என்னைக் குத்திக் காட்டினாய். சமையல், தோய்ச்சல், மாடு எல்லாம் அவள் தலையில். ஒருநாள் பால் கறக்கப் போன இடத்தில் ஒரு முதியவர் எதிரே வந்தார். நீ இவ்வளவு பாடுபட்டுக் களைத்துப்போனாய், உன் மனம் உறுதிப்பட ஒன்றைக் காட்டுகிறேன் என்று அந்தத் தகடுகளைக் காட்டினார். அதற்குப் பிறகு அவள் வேலையைப் பற்றி முறைப்பட்டதே இல்லையாம். இதுதான் கதை.

நீ ஆங்கிலத் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றி, என்னைப் பார்த்தாய். “வந்தவர் வந்தார். ஒரு மாட்டையாவது கறந்து குடுத்திருக்கலாம்,” என்றாய்.

நான் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி உன் தாள்களில் சிந்திவிட்டது. எவ்வளவு காலத்துக்குப் பிறகு அப்படிச் சிரித்தேன் என்று எனக்கே தெரியாது.

பிறகு சிரிப்பை விட்டுவிட்டு வேலையைத் தொடங்கினோம். அந்த மனுசி தன் கையால் ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை. மகன் சொன்னது ஒன்று, பேரன் சொன்னது ஒன்று; இரண்டும் அவள் செத்து எத்தனையோ வருசத்துக்குப் பிறகு அச்சுக்கு வந்தவை. நான் வாசித்து வாசித்துத் தமிழில் சொல்ல, நீ கேள்வி போட்டாய். மகன் பக்கத்தில் நின்றவரா? இல்லை. பேரன்? தாயைப் பெற்றவளோ தகப்பனைப் பெற்றவளோ, அவள் வாயாலேயே பலமுறை கேட்டேன் என்கிறார். அப்படியென்றால் பேரனுக்கு ஒரு புள்ளி கூட என்றாய். ஆனால் வந்தவர் தாங்கள் முன்பு வழியில் கண்ட அதே முதியவர்தான் என்று மகன் சொல்கிறார். முதுகில் மூட்டையோடு வந்த முன்பின் தெரியாத ஆள், பாட்டி முதலில் பயந்துபோனார் என்று பேரன் சொல்கிறார். நான் என் தொழில் பழக்கத்தில், ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை, இது நிற்காது என்றேன். உங்கள் விசாரணையில் இந்த மனுசிக்கு விசா கிடைக்காதுதான் என்று நீயும் ஒத்துக்கொண்டாய்.

பொய் சொல்கிறார்களா என்று கேட்டேன். நீ எழும்பிப் போய்ப் பாத்திரங்களைக் கழுவத் தொடங்கினாய். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுதான் சொன்னாய். “பொய் இல்லை. சொந்தக்காரருக்கு ஆசை இருக்குமடி. ஆசை இருக்கிற இடத்தில மூட்டை வரும், தாடி வரும். ஆனா அவ களைச்சுப்போனா எண்டதை ரெண்டு பேருமே சொல்லுகினம். அதை நான் நம்புறன்.”

வகுப்பிலும் அதைத்தான் சொன்னாயாம். சில பெண்களுக்குப் பிடிக்கவில்லையாம். பிறகு ஒரு ஞாயிறு என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். மாதத்தின் முதல் ஞாயிறு, பட்டினி கிடந்து சாட்சி சொல்கிற நாள். ஒவ்வொருவராக எழும்பி, இது உண்மை என்று எனக்குத் தெரியும், அது உண்மை என்று எனக்குத் தெரியும் என்று சொன்னார்கள். அது அங்கே வழக்கம். சின்னப் பிள்ளைகளும் அப்படித்தான் சொல்லும். நீ எழும்பி நின்று, ‘நம்புகிறேன்’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாய். ஏன் தெரியும் என்று சொல்லவில்லை என்று காரில் கேட்டேன். காணாததை எப்படித் தெரியும் என்று சொல்வது என்றாய்.

வருத்தம் உனக்கு வந்தது ஆடி மாதக் குளிரில். ஈரலில் தொடங்கி எல்லா இடமும் பரவிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது, மொழிபெயர்க்கிறவளாக நான்தான் பக்கத்தில் இருந்தேன். இல்லை, உனக்கு ஆங்கிலம் விளங்கும். ஆனாலும் தமிழில் ஒருமுறை சொல் என்றாய். சொன்னேன். அதைப் போல ஒரு வேலை எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து ஹோலில் கட்டில் போட்டோம். அபி தன் வீட்டை விட்டு உன்னிடம் வந்து இருந்தாள். பகலில் மருந்துக்கடை வேலைக்கு ஓடினாள். சபைப் பெண்கள் முறை வைத்துத் தட்டுத் தட்டாகச் சாப்பாடு கொண்டுவந்து வைத்தார்கள். நல்ல மனுசிகள். ஆனால் அந்தத் தட்டெல்லாம் உன் சிங்கில்தான் வந்து குவிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை நான் மத்தியானப் பூசைக்குப் போய்விட்டு நேரே உன்னிடம் வந்தேன். என் மனுசன் போன பிறகு கோயிலுக்கு நான் வெள்ளைச் சேலைதானே உடுக்கிறேன். தோளில் துணிப்பை, பைக்குள் அர்ச்சனைத் தட்டு. என்னிடம் இருந்த திறப்பால் கதவைத் திறந்தேன். நீ நித்திரை. மருந்தின் நித்திரை. சத்தம் போடாமல் குசினிக்குள் போனேன். சிங்கைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. துக்கத்தில் இல்லை, களைப்பில். அந்தக் கிழமை முழுக்க விசாரணை. ஒரு பெடியனுடைய கதை இன்னும் என் வாய்க்குள்ளேயே கிடந்தது. சேலையைச் சொருகிக்கொண்டு எல்லாவற்றையும் கழுவினேன். கடைசியில் பையைத் திறந்து தட்டையும் எடுத்துக் கழுவி, காய்ந்துவிட்டதா என்று யன்னல் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். அப்போதுதான் நீ கண் விழித்திருப்பதைக் கண்டேன். ஆர் என்று கேட்டாய். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, நான் பதில் சொன்னேனா என்று இன்றைக்கும் எனக்குச் சத்தியம் பண்ண ஏலாது.

கிட்ட வந்தேன். நீ என்னைப் பார்த்தாய். எனக்குப் பின்னால் எதையோ பார்த்த மாதிரியும் இருந்தது. பிறகு ஒன்று சொன்னாய். அதைக் கடைசியில் எழுதுகிறேன். நான் கதிரையில் இருந்து அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது நீ நித்திரை. அபி வருகிற நேரம் கிட்டியிருந்தது. எனக்குத் தொலைபேசியில் மொழிபெயர்க்கிற வேலை ஒன்று இருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன், தட்டை உன் குசினியிலேயே விட்டுவிட்டு. திங்கட்கிழமை நீ போய்விட்டாய்.

செத்தவீட்டு அலைச்சலில் அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது? ஒருத்தி வந்து கோப்பை கழுவினாள்.

முப்பத்தோராம் நாள் நினைவுக்கு மெல்பேர்னிலிருந்தும் உன் சொந்தக்காரர் வந்தார்கள். சபை மண்டபத்தில்தான் வைத்தாள் அபி. கூடைப்பந்துக் கோடு போட்ட நிலத்தில் மேசை கதிரை அடுக்கி. தேத்தண்ணி இல்லாமல் ஒரு முப்பத்தொன்றா என்று உன் ஒன்றுவிட்ட அண்ணர் மல்லித்தண்ணியை முறைத்துக்கொண்டிருந்தார். அபிக்குத் தமிழில் பேச வெட்கம். தான் ஆங்கிலத்தில் பேசப்போவதாகவும், அன்ரி பக்கத்தில் நின்று தமிழில் சொல்ல வேண்டும் என்றும் கேட்டாள். எழுதிய பேச்சு இல்லை. நான் ஓம் என்றேன். எத்தனை பேருக்குச் சொன்னவள், உன் மகளுக்குச் சொல்லமாட்டேனா?

ஒவ்வொரு வசனமாக அவள் சொல்ல, நான் சொன்னேன். பதினாறு வயதில் சபையை விட்டவள் தான் என்றாள். அம்மாவுக்கும் தனக்கும் ஒத்துப்போகாது என்றாள். அதையெல்லாம் அவளாக நின்று ‘நான்’, ‘என் அம்மா’ என்று சொல்லிக்கொண்டு போனேன். பிறகு அந்த வெள்ளிக்கிழமை வந்தது. “அண்டைக்கு நான் வேலைக்குப் போட்டன். அம்மாவைத் தனிய விட்டுட்டுப் போட்டன்,” என்று என் வாய் சொன்னது. அன்றிரவு அம்மா தன்னிடம் சொன்னார் என்றாள். வெள்ளை உடுத்த ஒரு முதியவர் வந்தார். முதுகில் ஒரு பை இருந்தது. குசினிக்குள் போய்ப் பாத்திரமெல்லாம் கழுவினார். பிறகு பையைத் திறந்து, பொன்னாக மின்னும் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

என்னைக் கிழவனாக்கியாகிவிட்டது, நல்ல காலம், தாடி வைக்கவில்லை. யார் வைத்தது அந்தக் கிழவனை? நீ சொன்னாயா, அபி கூட்டினாளா, பண்ணைப் பெண்ணின் கதையிலிருந்து நழுவி வந்து ஒட்டிக்கொண்டாரா? வேறு எங்கேயும் என்றால் கையைத் தூக்கி, மொழிபெயர்ப்பாளர் இதில் சம்பந்தப்பட்டவர், விலகுகிறேன் என்று சொல்லலாம். இங்கே எப்படி? முன்னால் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு இருக்கிறார்கள். தேத்தண்ணிக்குக் கோபித்த மனுசனும் துடைக்கிறார். ஒன்றும் கூட்டவில்லை, ஒன்றும் குறைக்கவில்லை. அப்படியே சொன்னேன்.

கடைசியாக அபி சொன்னாள்: அந்த முதியவர் அம்மாவைப் பார்த்து, நீ களைத்துப்போனாய், இதில் இரு என்றார். அம்மா தனியாக இருக்கவில்லை. அம்மா போன பிறகு, இதை நினைத்துத்தான் தனக்கு நித்திரை வந்தது, சபைக்குத் திரும்பியதும் அதனால்தான்.

‘நீ களைத்துப்போனாய்’ என்ற அந்த ஒரு வசனத்தில் நான் நின்றுவிட்டேன். சனம் நான் அழுகிறேன் என்று நினைத்தது. அதையும் சொல்லி முடித்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு மண்டபத்துக் குசினியில் அபி என்னிடம் வந்தாள். உங்கள் வேலையே இதுதானே அன்ரி, நீங்கள் இதை நம்புகிறீர்களா, அம்மா உண்மையாகத் தனியாக இருக்கவில்லையா என்று கேட்டாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. உன் குரல் எனக்குக் காதில் கேட்டது: கண்டவரைக் கூட்டிக்கொண்டு வா. கண்டவள் இங்கேதான் நிற்கிறேனடி, ஈரக் கையோடு. ஆனால் உன் மகளுக்குத் தகப்பனைப் பற்றிய கதை ஒன்றுகூட மிஞ்சவில்லை. இந்த ஒன்றையும் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. பொய் சொல்லவும் வரவில்லை. “கொம்மா தனிய இருக்கேல்லை. எனக்குத் தெரியும்,” என்றேன்.

உன் சபையில் நீ ஒருநாளும் சொல்லாத ‘தெரியும்’ என்ற சொல்லை, விபூதி பூசின நான் போய் அங்கே சொல்லிவிட்டு வந்தேன். அவள் அதைச் சாட்சி என்று எடுத்துக்கொண்டாள். சாட்சிதானே.

அதோடு போயிருக்கும். ஆனால் அந்தத் தட்டு உன் வீட்டில் கிடந்தது. வெள்ளிக்கிழமைகளில் நான் ஒரு பிளாஸ்டிக் தட்டோடு கோயிலுக்குப் போய்வந்தேன். வீட்டைக் காலி பண்ணும்போது காணுவாள் என்று தெரியும். காணாமல் இருக்க வேண்டும் என்று முருகனைக் கேட்கவும் பிடிக்கவில்லை, காண வேண்டும் என்று கேட்கவும் பிடிக்கவில்லை.

நேற்று வந்தாள். துவாயை விரித்துத் தட்டை வைத்துவிட்டு, சுற்றி வளைக்காமல் கேட்டாள். “நீங்களா அன்ரி வந்தது?”

“ஓம்,” என்றேன்.

நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். அவள் உன் மகள் என்பதை மறந்துபோனேன். ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினாள்: எத்தனை மணிக்கு, எந்தச் சேலை, அம்மா உங்களை அடையாளம் கண்டாரா, பக்கத்தில் வேறு யாரும் நின்றார்களா. நீ என்னை அடையாளம் கண்டாயா என்பது எனக்குத் தெரியாது என்றேன். அம்மா கிழவன் என்று சொன்னாரா என்று நான் திருப்பிக் கேட்டேன். யோசித்துப் பார்த்தாள். அம்மா ஒராள் என்றுதான் சொன்னார், முதியவர் என்று தான்தான் நினைத்துக்கொண்டது போலிருக்கிறது என்று ஒத்துக்கொண்டாள். கடைசியில், ‘நீ களைத்துப்போனாய்’ என்று நான் ஏன் உன்னிடம் சொன்னேன் என்று கேட்டாள்.

“நான் சொல்லேல்லை பிள்ளை,” என்றேன். “கொம்மாதான் எனக்குச் சொன்னவ.”

அவள் அழுதாள். நானும் அழுதேன். அழுது முடிய, அம்மா தனியாக இருக்கவில்லைத்தானே என்று இன்னொருமுறை கேட்டாள். இல்லை என்றேன். அது அவளுக்குப் போதுமாக இருந்தது. இத்தனை மாதமும் நான் பயந்ததெல்லாம் வீண். இனியும் இந்தக் கதையைச் சபையில் சொல்வாளாம். ஆனால் யாரிடம் கேட்டது, யார் வந்தது, எது தனக்குத் தெரியாது என்று எல்லாம் சேர்த்துச் சொல்வாளாம். உனக்குப் பிடித்திருக்கும். போகும்போது வாசலில் நின்று, உடைந்த தமிழில், போட்டு வாறன் அன்ரி என்றாள்.

நீ யாரைப் பார்த்துச் சொன்னாய் என்று இனி ஒருவரும் கண்டுபிடிக்க ஏலாது. என்னையா, எனக்குப் பின்னால் நின்ற யாரையாவதா? நீ சொன்னது மட்டும் எனக்குத் தெரியும். சாகக் கிடந்தவள் நீ. மூச்சு விடவே ஏலாத நிலையில், என்னைப் பார்த்து, “களைச்சுப்போனாய். உந்தக் கதிரையில இரு,” என்றாய். இத்தனை வருசமும் மற்றவர்களுடைய ‘நான்’ எல்லாம் சொல்லித் திரிந்த எனக்கு, அந்த ஒரு வசனம் மட்டும்தான் எனக்கென்று சொல்லப்பட்டது. சொல்லிக் கேட்டது இல்லை; உன் வாயால், என் காதால் கேட்டது. அதைத்தான் வைத்திருக்கிறேன்.

இன்றைக்கும் வேலை முடிந்து வந்து, தட்டை மட்டும் தேய்த்தேன். மற்றச் சட்டி பானை எல்லாம் சிங்கில் அப்படியே கிடக்கிறது. கிடக்கட்டும். நான் களைச்சுப்போனனடி. கொஞ்சம் இருக்கிறேன்.